மூன்று போனால் கடுமை, நான்கு போனால் லேசு: எப்படி?

கேள்வி (தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய், பெயர் வெளியிடப்படவில்லை):

டாக்டர், என் மகனுக்கு ஏழு வயசு. மூணு வயசிலிருந்தே அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் ரெண்டும் நல்லா திரண்டு இருக்கும். அவங்க அப்பா மாதிரி பலசாலியா வருவான்னு சொல்லிக்கிட்டிருந்தோம். இப்போ தரையிலிருந்து எழுந்திருக்கணும்னா தொடையில கை ஊன்றித்தான் எழுறான். எங்களுக்கு ஹவுசிங் போர்டில் மூணாவது மாடி. இறங்கும்போதும் ஏறும்போதும் கஷ்டப்படுறான். முதல்ல ஒரு மருத்துவமனையில ரத்தம் பார்த்துட்டு ஈரல் வீக்கம்னு ஆறு மாசம் மருந்து கொடுத்தாங்க. அப்புறம் வேற டாக்டர்தான், தசை பாதிப்பைக் காட்டுற சிபிகேன்னு ஒரு ரத்த டெஸ்ட் பார்க்கச் சொன்னார். 14,000 இருந்தது. மரபணு டெஸ்ட்டில் டிஎம்டி ஜீன்ல 48, 49, 50ங்கிற துண்டுங்க (எக்ஸான்) இல்லைன்னு வந்திருக்கு. டூஷேன்ங்கிற தசைச்சிதைவு நோய்னு எழுதியிருக்காங்க.

கொருக்குப்பேட்டையில் என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். 38 வயசு, செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கார். அவருக்கும் இதே ஜீன்தான். 45லிருந்து 48 வரைக்கும் நாலு எக்ஸான் இல்லையாம். ஆனா மெதுவா மாடி ஏறுறார், வண்டி ஓட்டுறார், கல்யாணமாகி ஒரு பொண்ணும் இருக்கு. நாலு போனவர் நடக்கிறார். மூணே போன என் பையனுக்குப் பன்னிரண்டு வயசுக்குள்ள நடை நின்னுடும்கிறாங்க. டெஸ்ட் தப்பா இருக்குமா?

நான் கட்டினது சொந்த அத்தை பையனை. அதனாலதான் இப்படின்னு அக்கம்பக்கத்துல பேசுறாங்க. மாமியார், உன் அம்மா வீட்டு ரத்தம் சரியில்லைங்கிறாங்க. என் அம்மாவோட தம்பி ஒருத்தர் 19 வயசில படுத்த படுக்கையா இருந்து இறந்தார். போலியோன்னுதான் சொல்வாங்க. எனக்கு மூணு வயசில ஒரு பொண்ணும் இருக்கா. என் தங்கச்சி இப்போ ரெண்டு மாசம் முழுகாம இருக்கா. பயந்துடுவாளேன்னு அவகிட்ட எதையும் சொல்லல.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நாள் கடத்த முடியாத விஷயம் அது ஒன்றுதான். தங்கையிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மகனின் மரபணு அறிக்கையில் ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். அவர் எங்கே பிரசவத்துக்குப் பதிந்திருக்கிறாரோ அங்கே அந்த அறிக்கையைக் காட்டி, மரபியல் ஆலோசனைக்கு அனுப்பும்படி கேட்கட்டும். தங்கைக்கு, மரபணுவில் துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எந்த எக்ஸான்கள் இல்லை என்பது உங்கள் மகனின் அறிக்கையிலேயே இருப்பதால், எங்கே தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்குத் தெரியும். சிபிகே அளவை மட்டும் பார்த்து அவருக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இந்தக் கோளாறைச் சுமக்கும் (தனக்கு நோய் தெரியாவிட்டாலும் பிள்ளைக்குக் கடத்தக்கூடிய) பெண்கள் பலருக்குச் சிபிகே சாதாரண அளவிலேயே இருக்கும்.

ஏன் இவ்வளவு அவசரம்? தங்கை இந்தக் கோளாறைச் சுமப்பவர் என்று தெரியவந்தால், கருவின் நஞ்சுக்கொடிப் பகுதியிலிருந்து சிறு மாதிரி எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை 11 முதல் 13 வாரத்துக்குள் செய்வார்கள். அது தவறினால் பதினாறாவது வாரத்தை ஒட்டிப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் முன்பாகத் தங்கையின் ரத்த முடிவு கையில் இருக்க வேண்டும். அந்த முடிவு வருவதற்கே சில வாரங்கள் ஆகலாம். மரபு நோய்க்காகக் கருவைப் பரிசோதிக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. பெயர் பதிந்த மையத்தில்தான் செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்று அறிவதற்காகச் செய்யக் கூடாது.

உங்கள் அம்மா இதைச் சுமப்பவர் என்று வைத்துக்கொண்டால், தங்கையும் சுமப்பவராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் சுமப்பவராகவே இருந்தாலும், பிறப்பது ஆண் குழந்தையாக இருக்கப் பாதி. அந்த ஆண் குழந்தைக்குக் கோளாறுள்ள எக்ஸ் குரோமோசோம் போய்ச் சேரப் பாதி. மூன்றையும் பெருக்கினால், இன்றைய நிலையில் எட்டில் ஒன்று. ரத்த முடிவு வந்ததும் அந்த எட்டில் ஒன்று, நான்கில் ஒன்றாகக் கூடும் அல்லது ஏறக்குறைய இல்லாமல் போகும். பரிசோதித்துக்கொள்வதா, அதன் பிறகு என்ன செய்வது என்பதெல்லாம் தங்கையும் அவர் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த நேரத்தில்தான் குறைகிறது. அவர் பயப்படத்தான் செய்வார். அந்தப் பயத்தில் அக்கா கூட இருக்கிறாள் என்பது அவருக்குப் பெரிய பலம்.

இனி உங்கள் முதல் கேள்வி. நாலு போனவர் நடக்கும்போது மூணு போனவனுக்கு ஏன் கடுமை? இது மிக நல்ல கேள்வி, அம்மா. 1980களின் பிற்பகுதியில் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தவர்களையே குழப்பிய கேள்வி இது. பெரிய துண்டு போனவர்கள் சிலர் நடந்துகொண்டிருந்தார்கள். சின்னத் துண்டு போன பிள்ளைகள் சக்கர நாற்காலியில் இருந்தார்கள். 1988இல் பாஸ்டனில் லூயிஸ் குங்கெலின் குழு அதற்கு விடை சொன்னது. அந்த விடையை உங்கள் மகனின் அறிக்கையிலுள்ள எண்களை வைத்தே நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டிஎம்டி என்பது நம் உடலின் மிக நீளமான மரபணுக்களில் ஒன்று. ஏறக்குறைய 22 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். அதில் புரதத்துக்கான செய்தி இருப்பது 79 துண்டுகளில் மட்டும். அந்தத் துண்டுகளைத்தான் எக்ஸான் என்கிறார்கள். செல் இந்த 79 துண்டுகளையும் வரிசையாக ஒட்டி, முதலிலிருந்து மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். இப்படி 3,685 அமினோ அமிலங்களைக் கோத்து உருவாகும் புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோஃபின்.

மூன்று மூன்றாகப் படிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வரியைப் பாருங்கள்: அக்கா நண்டு வாங்கி வந்து கழுவி ஆக்கி தந்தா. புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து எண்ணினால் ஒவ்வொரு சொல்லிலும் மூன்றெழுத்து. நடுவில் மூன்று சொற்களை, அதாவது ஒன்பது எழுத்துகளை, முழுதாக எடுத்துவிடுங்கள்: அக்கா நண்டு ஆக்கி தந்தா. செய்தி குறைந்தது, ஆனால் பொருள் கெடவில்லை. இப்போது ஒன்பதை எடுக்க வேண்டாம். நண்டு என்பதில் ‘ண்’ என்ற ஒரே எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள்: அக்கா நடுவா ங்கிவ ந்துக ழுவிஆ க்கித ந்தா. அக்காவுக்குப் பிறகு ஒரு சொல் கூடத் தேறவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரரின் கணக்கைப் போடுவோம். 45ஆவது எக்ஸானில் 176 எழுத்து, 46இல் 148, 47இல் 150, 48இல் 186. கூட்டினால் 660. மூன்றால் வகுத்தால் மிச்சமில்லாமல் 220. அவருடைய புரதத்தில் 220 அமினோ அமிலங்கள் இல்லை. மீதி 3,465ம் அதனதன் வரிசையில் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு 48இல் 186, 49இல் 102, 50இல் 109. கூட்டினால் 397. மூன்றால் வகுத்தால் 132 போக 1 மிச்சம். அந்த ஒரு எழுத்துதான் 51ஆவது எக்ஸானிலிருந்து எல்லாவற்றையும் இடம் பிறழச் செய்கிறது. மூன்றெழுத்துச் சேர்க்கைகள் மொத்தம் 64. அவற்றில் மூன்றுக்கு ‘இத்துடன் நிறுத்து’ என்று பொருள். வரிசை பிறழ்ந்த பிறகு கொஞ்ச தூரத்திலேயே அப்படி ஒன்று தற்செயலாக வந்துவிடும். செல் அங்கேயே நிறுத்திவிடும். அரைகுறையாக உருவானதையும் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடும்.

இதனால் தசைக்கு என்ன ஆகிறது? டிஸ்ட்ரோஃபினின் முன் முனை தசை நாருக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழையைப் பிடித்திருக்கும். பின் முனை தசைச் செல்லின் மேல் சவ்வைப் பிடித்திருக்கும். தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அந்தச் சவ்வு கிழியாமல் இருப்பது இந்த இரண்டு பிடியால்தான். நடுப்பகுதி மிக நீளமானது. அதில் கொஞ்சம் குறைந்தாலும் வேலை ஓரளவு நடக்கும். கொருக்குப்பேட்டைக்காரருக்குப் போனது நடுப்பகுதியில். இரு முனையும் இருக்கின்றன. உங்கள் மகனுக்குப் படிப்பு நடுவிலேயே நின்றுபோவதால் பின் முனை உருவாகவே இல்லை. தசைச் சவ்வு கிழிகிறது, உள்ளே இருப்பவை ரத்தத்தில் கசிகின்றன. அந்த 14,000 சிபிகே அப்படி வந்தது. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஈரலில் மட்டுமில்லாமல் தசையிலும் இருப்பவை. அவையும் கசிந்து ஏறும். அதைப் பார்த்து ஈரல் கோளாறு என்று நினைப்பது பல ஊர்களிலும் நடக்கிறது. எஸ்ஜிஓடி ஏறியிருக்கும் ஓர் ஆண் குழந்தை மாடியேறவும் சிரமப்பட்டால் அன்றே சிபிகே பார்க்க வேண்டும் என்பதைக் குழந்தைகள் மருத்துவர்கள் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

எவ்வளவு போனது என்பதைவிட எங்கே, எப்படிப் போனது என்பது எத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. 1990இல் பிரிட்டனில் ஒரு நோயாளியைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அவருக்கு 17லிருந்து 48 வரை எக்ஸான்கள் இல்லை. புரதத்தில் 46 சதவீதம் காணோம். 61 வயதிலும் அவர் நடந்துகொண்டிருந்தார். போன பகுதி பெரிது, ஆனால் மிச்சமிருந்தது மூன்று மூன்றாகப் பிசகாமல் படித்தது; இரு முனைகளும் தப்பின. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் அரிவாள் செல் ரத்தசோகை. அங்கே ஹீமோகுளோபின் மரபணுவில் மாறியிருப்பது ஒரே ஓர் எழுத்து. ஒன்றும் தொலைந்து போகவில்லை, வரிசையும் பிறழவில்லை. ஆனால் அந்த ஓர் எழுத்தால் ஒரு அமினோ அமிலம் மாறி, சிவப்பணுவே வளைந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் டெஸ்ட் தப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கெண்டைக்கால், எழும் விதம், சிபிகே, மரபணு நான்கும் ஒன்றையே சொல்கின்றன. இந்த மூன்றெழுத்து விதி ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குப் பொருந்துகிறது. பொருந்தாதவர்களும் உண்டு. 3லிருந்து 7 வரை எக்ஸான் போன சிலர், கணக்குப்படி கடுமையாக இருக்க வேண்டியவர்கள், லேசாகவே இருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒரே மாற்றத்தோடு பிறந்த அண்ணன் தம்பிக்குள்ளேயே நடை நிற்கும் வயது ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் ஆவதைப் பார்க்கிறோம். வேறு சில மரபணுக்கள் தழும்பு உண்டாவதையும் வீக்கத்தையும் கூட்டிக் குறைப்பது அதற்கு ஒரு காரணம். எப்போது மருந்து தொடங்கினார்கள் என்பது இன்னொன்று. எனவே ‘பன்னிரண்டு வயதுக்குள்’ என்று உங்களிடம் சொன்னதை, மருந்தில்லாத பிள்ளைகளிடம் பார்த்த பொது வழக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் மகனுக்கு யாரும் குறித்துக் கொடுத்த தேதி ஆகாது.

படிப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். இதே மரபணுவிலிருந்து மூளைக்கென்று சில குட்டையான டிஸ்ட்ரோஃபின்களும் உருவாகின்றன. 44ஆவது எக்ஸானுக்குப் பிந்திய பகுதியில் கோளாறு உள்ள பிள்ளைகளில் பேச்சு தாமதம், கணக்கில் தடுமாற்றம், கவனம் நிலைக்காமை கொஞ்சம் கூடுதலாகக் காணப்படுகின்றன. மரபணுவின் கடைக்கோடியில் கோளாறு என்றால் இன்னும் கூடுதல். உங்கள் மகன் வகுப்பில் பின்தங்கினால் சோம்பேறி என்று யாரும் திட்ட விடாதீர்கள். கால் எப்படியோ அப்படியே இதுவும். ஆனால் ஒரு வேறுபாடு: கால் தசை ஆண்டுக்கு ஆண்டு நலியும், படிப்பில் உள்ள சிரமம் அப்படி நலியாது. சொல்லிக்கொடுத்தால் முன்னேறும்.

சொந்தத்தில் கட்டியதால் இது வரவில்லை. இதை உங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக்காட்டுங்கள். டிஎம்டி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். தகப்பனிடமிருந்து ஒய் வரும். நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருந்தாலும், முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இந்த நோயில் ஒரு மாற்றமும் இருந்திருக்காது. தலசீமியா என்ற ரத்தசோகை போன்ற நோய்களில் கதை வேறு. அங்கே தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுது வந்தால்தான் நோய் வரும். ஒரே தாத்தாவின் பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு சொந்தத்தில் அதிகம். அதனால் சொந்தத்தில் மணம் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது பொதுவாகச் சரிதான். உங்கள் மகன் விஷயத்தில் அது பொருந்தாது.

அடுத்து உங்கள் மாமியார் சொன்னது. உங்களுக்கு அவர் அத்தை முறை என்பதால் வார்த்தை இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும். அம்மா வழியாக வந்திருக்கலாம் என்பது உண்மை. உங்கள் தாய்மாமன் 19 வயதில் இறந்தது போலியோவாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. போலியோவில் பெரும்பாலும் சில நாட்களிலேயே ஒரு காலோ இரு காலுமோ செயலிழந்துவிடும். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டே போகாது. சிறு வயதில் விழ ஆரம்பித்து, நடை நின்று, பிறகு படுக்கையாகி இருபதை ஒட்டி இறந்தார் என்றால் அது பெரும்பாலும் டூஷேன்தான். அவர் எப்போது நடையை நிறுத்தினார் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆனால் ரத்தம் கெட்டது என்பதில் எந்த உண்மையும் இல்லை. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது 22 லட்சம் எழுத்துள்ள இந்த மரபணுவை உடல் நகல் எடுக்கிறது. எங்காவது பிசகுவது மனித உடலின் இயல்பு. டூஷேன் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அம்மாவிடம் இல்லாமல் புதிதாகவே இந்த மாற்றம் வருகிறது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று. யார் வீட்டுக்கும் வரும். உங்கள் அம்மா தம்பியையும் பறிகொடுத்து, இப்போது பேரனையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பழி அவர்மேல் விழக் கூடாது.

நீங்களும் எம்எல்பிஏ செய்துகொள்ள வேண்டும். ஒருவேளை உங்கள் ரத்தத்தில் மாற்றம் இல்லை என்று வந்தாலும், சில கருமுட்டைகளில் மட்டும் அது இருக்க வாய்ப்புண்டு. எனவே அடுத்த குழந்தை என்று நினைத்தால் கருவிலேயே பார்க்கச் சொல்வோம். மாற்றம் இருக்கிறது என்று வந்தால், உங்கள் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர வேண்டும். சுமக்கும் பெண்கள் சிலருக்கு நடுவயதில் இதயத் தசை தளர்கிறது. மூன்று வயது மகளுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அவளுக்கு விவரம் தெரிந்து, தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வயதில் செய்யலாம். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், அது அவளுக்கும் உதவும்.

கொருக்குப்பேட்டை நண்பரிடம் எனக்காக ஒன்று சொல்லுங்கள். அவருக்கு இருப்பது இதே மரபணுவால் வரும் பெக்கர் என்ற லேசான வகை. காலில் லேசாக இருப்பதால் இதயத்திலும் லேசாகத்தான் இருக்கும் என்று கிடையாது. மாடியேறும் பெக்கர் நோயாளிகளுக்கு இதயம் முன்னதாகத் தளர்வதை நாங்கள் பார்க்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். அவருடைய ஒரே எக்ஸ் அவர் மகளுக்குக் கட்டாயம் போயிருக்கும். அந்தப் பெண் வளர்ந்து கல்யாணம் ஆகும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஆறுதல்: அவள் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போனாலும் போவது அதே மிச்சமில்லாத கணக்குதான், அதே லேசான வகைதான். மாற்றம் ஒரு வீட்டுக்குள் கைமாறும்போது மாறுவதில்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். மூன்றெழுத்துக் கணக்கிலிருந்தே ஒரு மருந்து பிறந்தது. உங்கள் மகனுக்கு 397 எழுத்து போயிருக்கிறது. 51ஆவது எக்ஸானில் 233 எழுத்து. அதையும் செல் படிக்காமல் தாண்டிப்போகச் செய்தால் 630. மூன்றால் வகுத்தால் சரியாக 210. புரதம் இன்னும் குட்டையாகும், ஆனால் வரிசை நேராகிவிடும், பின் முனை உருவாகும். கடுமையான வகையை லேசான வகையாக மாற்றும் முயற்சி இது. அந்த மருந்தின் பெயர் எட்டெப்ளிர்சன். 2016இல் அமெரிக்கா அனுமதித்தது. யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு வீட்டை விற்கத் துணியும் பெற்றோரை எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அது தசையில் உண்டாக்கும் டிஸ்ட்ரோஃபின் மிகக் குறைவு. நடையை எவ்வளவு காக்கிறது என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. விலையோ ஆண்டுக்குக் கோடிகளில். 2023இல் அமெரிக்கா அனுமதித்த மரபணு சிகிச்சை, 46 சதவீதம் போயும் நடந்த அந்த நோயாளி போன்றவர்களிடம் கற்ற பாடத்தில் உருவானது. குட்டையான டிஸ்ட்ரோஃபினை வைரஸ் வழியாகத் தசைக்கு அனுப்புவது. அதைப் பெற்ற, நடை நின்றிருந்த பிள்ளைகள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தியும் 2025இல் வந்தது. இந்தத் துறை வேகமாக வளர்கிறது, நான் நம்பிக்கையோடு கவனித்து வருகிறேன். ஆனால் கடன் வாங்கி ஓட வேண்டிய கட்டம் இது இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகவே போகாதீர்கள். இந்த நோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது.

இன்றைக்குப் பயன் உறுதியாகத் தெரிந்த மருந்து ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் அல்லது டெஃப்ளாசகார்ட், எடைக்குத் தகுந்த அளவில். விலை அதிகமில்லை. நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டுகிறது, முதுகு வளைவதைக் குறைக்கிறது, மூச்சுத் தசைகளைக் காக்கிறது. ஏழு வயது என்பது தள்ளிப்போடக் கூடாத வயது. முகம் உப்பும், பசி கூடும், எலும்பு மெலியும் என்பதெல்லாம் உண்மை. அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது, கண் பரிசோதனை, வைட்டமின் டி எல்லாம். நீங்களாக ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது ஆபத்தில் முடியும்.

மாடியைப் பற்றி ஒன்று. ஏறுவதைவிட இறங்குவது இந்தத் தசைகளை அதிகம் கிழிக்கும். இறங்கும்போது தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. ‘நடந்தால்தான் பலம் வரும்’ என்று ஒரு நாளைக்குப் பலமுறை மாடி இறங்க வைக்காதீர்கள். உங்கள் கணவர் தூக்கி இறக்குவது செல்லம் கொடுப்பது ஆகாது, அது மருத்துவம். தரைத்தளத்துக்கு வீடு மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் தமிழக அரசு இந்நோய்க்குத் தருகிறது. பள்ளியிலும் வகுப்பறையைத் தரைத்தளத்துக்குக் கேளுங்கள்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனால் நரம்பியல், இதயம், இயன்முறை மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இருப்பதால் அவனைத் தூக்க வேண்டியதில்லை. முதல் எக்கோ இப்போதே எடுக்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும். குதிகால் தசைநாண் இறுகாமல் இருக்கத் தினமும் கால் நீட்டும் பயிற்சியை அவர்கள் செய்துகாட்டுவார்கள். இரவில் போடும் கால் பட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைப் பெரிய எழுத்தில் எழுதி அவன் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: ‘டூஷேன் தசைச்சிதைவு. சக்சினைல்கோலின் கொடுக்கக் கூடாது.’ மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஊசி அது. இந்தப் பிள்ளைகளுக்கு அது இதயத்தை நிறுத்திவிடக் கூடும். சுவாசமாகக் கொடுக்கும் மயக்க வாயுக்களிலும் எச்சரிக்கை வேண்டும். எலும்பு முறிவோ, குடல்வால் அறுவையோ, பல் மருத்துவமோ, எங்கே மயக்கம் கொடுக்கப் போனாலும் அந்தப் பக்கத்தை மயக்க மருத்துவரிடம் நீங்களே நேரில் காட்ட வேண்டும்.